பழைய கேசட்டுக்குத் தமிழ் எதற்கு என்பாருக்கு

விற்பனை நின்று பல்லாண்டுகள் கழிந்த ஒரு டிவி கேமுக்காக ஜப்பானில் வெளிவந்த விளையாட்டு உருவாக்கும் கேசட்டை, உரிமையாளர் பணிக்காமலும் கூலி எதிர்பாராமலும் ஆர்வலர் சிலர் தம் மொழிக்குக் கொண்டுவருவது ரசிகர் மொழிபெயர்ப்பில் ஒரு வகை. தமிழ்க் கணிமை பற்றிப் பேசுவோரிடையே இத்தகைய முயற்சி வீண்வேலை என்பதே பரவலான கருத்து. கருவி செத்துப்போனது, ஆங்கிலப் பெயர்ப்பு இருக்கத் தமிழ் எதற்கு, எட்டுப் புள்ளி அகலக் கட்டத்தில் தமிழ் எழுத்து நிற்காது, அப்படியே வேண்டுமென்றால் இயந்திரம் நொடியில் பெயர்த்துத் தரும், எல்லாவற்றுக்கும் மேலாக அது பிறர் சொத்தில் கைவைப்பது என்று ஐந்து காரணங்கள் சொல்லப்படுகின்றன. இவற்றில் சில முழுப் பிழை, சில பாதி உண்மை. பயனர் தொகையையும் ஆங்கிலத்தையும் முன்னிறுத்தும் முதலிரு வாதங்கள், கருவியைப் படைப்பாகக் கருதி, படைப்பை அளக்கும் கோலால் கருவியை அளப்பதிலிருந்தே பிறக்கின்றன.

இங்கே கருவி என்று சொல்லப்படுவது எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டு மேலே செல்வது நலம். நின்டெண்டோ நிறுவனம் ஹட்சன், ஷார்ப் நிறுவனங்களோடு சேர்ந்து ஃபாமிகாம் என்னும் தன் எட்டு பிட் டிவி கேமுக்காக 1984இல் வெளியிட்ட 'ஃபேமிலி பேசிக்' இவ்வகையில் முற்பட்டது. விசைப்பலகையும் கேசட்டும் இணைந்த அந்தத் தொகுப்பில் சிறுவர் தாமே நிரல் எழுதி உருவங்களை ஓடவிடலாம். நிரலுக்குக் கிடைத்த இடம் இரண்டு கிலோபைட்டுக்கும் சற்றுக் குறைவு. எழுதியதை ஒலிநாடாவில் சேமிக்கலாம். நிரல் எழுதத் தேவையின்றிப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தே நிலப்படமும் பாத்திரமும் உரையாடலும் அமைக்கும் அடுத்த படி, ஆஸ்கி நிறுவனத்தின் 'ஆர்பிஜி ட்சுகூரு' வரிசை. ஆர்பிஜி என்பது ஒரு பாத்திரத்தை ஏற்றுக் கதைவழி நடந்து ஆடும் விளையாட்டு. ட்சுகூரு என்பது 'செய்' என்று பொருள்படும் ஜப்பானிய வினையும் 'டூல்' என்னும் சொல்லின் ஓசையும் கலந்த சிலேடைப் பெயர். எம்எஸ்எக்ஸ்2 கணினியில் 1990இல் வந்த 'டான்டே' இதன் முன்னோடி. 1995இல் ஃபாமிகாமின் அடுத்த தலைமுறையான சூப்பர் ஃபாமிகாமுக்கு 'சூப்பர் டான்டே' வந்தது. மறு ஆண்டே இரண்டாம் பாகம் வந்தது. இவையெல்லாம் ஜப்பானிய மொழியில் மட்டுமே வெளிவந்தவை.

இந்தக் கேசட்டுகள் தமிழருக்கு முற்றிலும் அந்நியம் என்பதும் சரியன்று. ஃபேமிலி பேசிக்கிலிருந்து கிளைத்த நகல்கள் சீனத்தில் செய்யப்பட்ட விசைப்பலகை வடிவ டிவி கேம்களில் ஏறி இந்தியக் கடைத்தெருவுக்கும் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 12 டாலருக்கு இந்தியாவில் விற்ற அத்தகைய பெட்டி ஒன்றைக் கண்ட டெரெக் லோமாஸ் என்னும் அமெரிக்கர், அதே பழைய செயலியில் ஓடும் கல்வி விளையாட்டுகளை உருவாக்குவதற்காக 2008 வாக்கில் 'பிளேபவர்' என்னும் திட்டத்தைத் தோழர்களோடு தொடங்கினார். ஆக, வெளிநாட்டுச் சேகரிப்பாளரின் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் அரும்பொருள் என்று எதிர்த்தரப்பு எண்ணும் ஒன்று, இந்திய நடுத்தர வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வேறு பெயரில் அமர்ந்திருந்தது. அதில் ஆடத் தெரிந்த பிள்ளைக்கு, அதே பெட்டியில் ஆட்டத்தைச் செய்யவும் முடியும் என்பதைச் சொல்ல அதன் மொழியில் ஒரு வரியும் இல்லை என்பதே குறை.

செத்த கருவிக்கு மொழிபெயர்ப்பு எதற்கு என்பது முதல் வாதம். ஒரு நாவலைப் பெயர்த்தால் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்பது பொருந்தும். கருவியைப் பெயர்த்தால் அதைக்கொண்டு என்ன செய்யப்பட்டது என்றே கேட்க வேண்டும். திருவண்ணாமலையில் 217 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரத்தைக் காண வருவோரில் எவரும் அதைச் செதுக்கிய உளியைக் காண வருவதில்லை. அதனால் உளி வேண்டாததாகிவிடவில்லை. ட்சுகூரு வரிசையின் வரலாறே இதற்குச் சான்று. 2000ஆம் ஆண்டில் கணினிக்கு வந்த அதன் பதிப்பை 'டான் மிகெல்' என்னும் புனைபெயர் கொண்ட ரஷ்யர் ஒருவர் அனுமதியின்றி ஆங்கிலப்படுத்தினார். அந்தப் பதிப்பின் அதிகாரப்பூர்வ ஆங்கில வடிவம் 2015இல்தான் வந்தது. இடைப்பட்ட பதினைந்தாண்டுகளில் ஜப்பானியம் அறியாத ஒரு தலைமுறை இத்தகைய ஆர்வலர் பெயர்ப்புகளின் துணையோடுதான் விளையாட்டு செய்யப் பழகிற்று. அதே வரிசையின் 2003 என்னும் பதிப்பில் பெல்ஜியப் படைப்பாளி ஒருவர் பிரெஞ்சு மொழியில் ஆக்கி 2008இல் வெளியிட்ட 'ஆஃப்' என்னும் விளையாட்டு பின்னர் உலகெங்கும் பேசப்பட்டது. அது வெளிவந்தபோது அக்கருவிக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ அதிகாரப்பூர்வ வடிவமே இல்லை. அன்றைக்கு அந்த ஆர்வலர் பெயர்ப்புகளின் பயனர்களை எண்ணியிருந்தால் ஒரு சிறு தொகைதான் கிடைத்திருக்கும். அந்தத் தொகைக்குள் யார் இருந்தார் என்பதை எந்த எண்ணும் காட்டியிராது.

கருவி செத்தது என்பது குறையாகச் சொல்லப்படுகிறதே, உண்மையில் மொழிபெயர்ப்பாளனுக்கு அது பெரும் வசதி. உயிருள்ள மென்பொருள் மாதந்தோறும் மாறுகிறது. அதன் தமிழ் வடிவம் ஆற்றில் கோலம் போடுவதைப் போன்றது. 2005இல் மத்திய அரசு தமிழ் மென்பொருள்கள் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாக வெளியிட்டபோது அது பெரிய நிகழ்ச்சியாக இருந்தது. ஆனால் அதில் அடங்கியிருந்த அலுவலகத் தொகுப்பு பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து வேறாகிவிட்டதால், அந்தச் சொற்களெல்லாம் மீண்டும் மீண்டும் பெயர்க்கப்பட வேண்டியவையாயின. 1995இன் கேசட்டோ இனி ஒரு பைட்டும் மாறாது. அதன் சொற்களை எண்ணி முடிக்கலாம், பெயர்த்து முடிக்கலாம், பிழை திருத்தி முடிக்கலாம். முடிந்த வேலை என்று ஒன்றைக் காட்ட இயலாமல் சோர்ந்துபோகும் தன்னார்வலர் குழுக்களுக்கு, இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்கி முடிக்கக்கூடிய ஒரு பணி கிடைப்பது அரிது. அது முடியும்போது கையில் எஞ்சும் சொற்பட்டியல், மாறிக்கொண்டேயிருக்கும் பெரிய மென்பொருளுக்கும் அப்படியே கைகொடுக்கும்.

ஆள்பலமே குறைவாக உள்ள தமிழ்ச் சூழலில் இருக்கும் நாலு பேரையும் பழங்கேசட்டுக்கு அனுப்பலாமா என்னும் துணைக்கேள்வியும் இங்கே எழுகிறது. எதிர்த்தரப்பின் வாதங்களில் மிகவும் மதிக்கத்தக்கது இது. ஆயினும், ஒருவரின் விருப்பம் என்பது ஏற்றத்தில் இறைத்து வேறு பாத்திக்குத் திருப்பிவிடக்கூடிய நீரன்று. பழைய விளையாட்டின் மேலுள்ள பிரியத்தால் இரவு விழித்து வேலை செய்பவரிடம் அதை விடுத்து விரிதாள் மென்பொருளின் உதவிப் பக்கங்களைப் பெயர்க்கச் சொன்னால், அவர் இரண்டையும் செய்யமாட்டார். விளையாட்டு செய்தல் கல்விக்குப் புறம்பானது என்று தள்ளவும் முடியாது; தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலே காட்சித் தொடர்பு பற்றிய பாடத்தில் ஸ்கிராச் என்னும் உருவாக்கக் கருவியை அறிமுகப்படுத்துகிறது. அரசே ஏற்றுக்கொண்ட ஒரு பயிற்சியின் மூத்த வடிவத்துக்குத் தமிழ் அமைப்பதை வீண் என்பது முரண்.

ஆங்கிலப் பெயர்ப்பு போதும், தமிழ் வேண்டுமானாலும் ஆங்கிலத்திலிருந்தே செய்யலாம் என்பது இரண்டாவது வாதம். இது மொழிகளின் கட்டமைப்பை அறியாத வாதம் என்பதை ஒரே வாக்கியத்தைக் கொண்டு காட்டிவிடலாம். கதைநாயகனுக்கு மூலிகை கிடைத்ததைச் சொல்லும் ஜப்பானியத் தொடர் 'யூஷா வா யாகுசோ ஓ தெனி இரேதா' என்று அமையும். யூஷா என்பது வீரன், வா என்பது இவனைப் பற்றியது என்று காட்டும் இடைச்சொல், யாகுசோ என்பது மூலிகை, ஓ என்பது தமிழின் 'ஐ' உருபைப் போன்றது, இறுதியில் வினை. கேசட்டுக்குள் வீரனின் பெயருக்கும் பொருளின் பெயருக்கும் வெற்றிடம் விட்டு, எஞ்சியவை அச்சாக வைக்கப்பட்டிருக்கும். தமிழிலும் பெயர், பொருள், வினை என்பதே வரிசை. ஆகவே வெற்றிடங்களை இடம் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்து பொருள் கடைசிக்குப் போய்விடுவதால், ஆங்கிலப்படுத்தியவர் நிரலையே வெட்டி வரிசையை மாற்றியிருப்பார். அந்த வெட்டுப்பட்ட வடிவத்தை எடுத்துத் தமிழாக்குபவர், இரண்டு உறவு மொழிகளுக்கு நடுவே தேவையில்லாத ஒரு தரகரை அமர்த்தியவர் ஆகிறார். உறவு என்பது இங்கே குடும்ப உறவன்று, வாக்கிய அமைப்பின் உறவு.

சொற்களிலும் தரகர் இழப்பை உண்டாக்குவார். எழுத்து என்பதற்கு ஜப்பானியத்தில் மோஜி. ஆடும் ஆள் என்பதற்கு க்யாரா. ஆங்கிலம் இரண்டையும் 'கேரக்டர்' என்றே சொல்கிறது. விளையாட்டு உருவாக்கும் கருவியில் பெயருக்கு எத்தனை எழுத்து என்பதும் குழுவில் எத்தனை பாத்திரம் என்பதும் பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் வருபவை. ஆங்கிலம் வழியாக வருபவர் 'ஆறு பாத்திரங்களுக்குள் பெயரிடுக' என்று எழுதிவிட வாய்ப்புண்டு. மூலத்தில் இல்லாத குழப்பம், தமிழிலும் இல்லாத குழப்பம், இடைமொழியின் கொடையாக உள்ளே நுழையும்.

இதனால் ஜப்பானியத்திலிருந்து தமிழுக்கு வருவது வழுக்குப்பாறையில் சறுக்கி இறங்குவதுபோல் எளிதென்று கொள்ளவேண்டா. ஜப்பானியத்தின் 'ஓ' எந்தப் பெயருக்குப் பின் வந்தாலும் அந்தப் பெயரைத் தொடாது. தமிழின் 'ஐ' அப்படியன்று: வாள் வாளை ஆகும், பசு பசுவை ஆகும், நாணயம் நாணயத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும். வெற்றிடத்தில் பெயரைப் போட்டு உருபை ஒட்டினால் 'நாணயம்ஐ' என்று திரையில் தெரியும். வினையோ பெற்றான், பெற்றாள், பெற்றார், பெற்றது என்று ஆளைப் பார்த்து மாறும். கேசட்டுக்கு ஆள் யாரென்று தெரியாது. இங்கேதான் மொழிபெயர்ப்பாளனின் கை தெரிகிறது. 'பெற்றான்' என்பதைக் கைவிட்டுக் 'கிடைத்தது' என்பதை எடுத்தால் இரண்டு முடிச்சும் ஒருசேர அவிழ்கின்றன: நாணயம் கிடைத்தது, வாள் கிடைத்தது, வீடு கிடைத்தது. பொருள் உருபு ஏற்காமல் எழுவாயாக நிற்கிறது. வினை பெற்றவரின் பாலைப் பாராமல் பொருளோடு இயைகிறது. நிரலில் ஒரு பைட்டைக்கூடத் தொடாமல் இலக்கணமே தீர்த்துவைத்த சிக்கல் இது. 'கிடை' என்னும் வினை வீட்டுப் பேச்சில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிந்தவருக்கு மட்டுமே இந்த வழி தெரியும்.

நிரல்மொழிகளைத் தமிழில் அமைக்க முயன்றோரும் இதே பாடத்தைக் கற்றனர். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியில் நிபந்தனை முதலில் வந்து 'ஆனால்' என்னும் சொல் அதன்பின் வருகிறது. ஆங்கில வழி நிரல்மொழிகளில் நிபந்தனைச்சொல் முன்னே நிற்கும். ஆங்கிலச் சொற்களைக் கழற்றிவிட்டுத் தமிழ்ச் சொற்களை அதே ஆணியில் மாட்டுவது மொழிபெயர்ப்பன்று என்பதை அந்த ஒரு முடிவே உணர்த்துகிறது.

மூன்றாவது வாதம் தமிழ் எழுத்து அந்தத் திரையில் அடங்காது என்பது. 247 எழுத்து என்னும் எண்ணைச் சொல்லி அச்சுறுத்துவது பழைய வழக்கம். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபாமிகாமின் திரை, தரையில் ஓடு பதித்ததுபோல் எட்டுக்கு எட்டுப் புள்ளி அளவுள்ள சதுரக் கட்டங்களால் ஆனது. குறுக்கே 32 கட்டம், நெடுக்கே 30. ஒரு நேரத்தில் பின்னணிக்குப் பயன்படும் வெவ்வேறு கட்ட வடிவங்கள் 256. ஒவ்வொன்றுக்கும் 16 பைட். தமிழுக்கு 247 தனித்தனி வடிவம் தேவையில்லை. உயிரில் ஔகாரத்தை ஒகரமும் ளகரமும் சேர்த்து அமைக்கலாம் என்பதால் 11, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, உகர, ஊகார வரிசைகள் 36, கால், கொக்கி, கொம்பு போன்ற துணைக்குறிகள் 6, தனி வடிவம் கொண்ட டி, டீ 2, ஆக 92. ணகரமும் ஞகரமும் எட்டுப் புள்ளிக்குள் நெருங்கும் என்பதால் எல்லாவற்றுக்குமே இரண்டு கட்டம் கொடுத்தாலும் 184. ஜ, ஷ, ஸ, ஹ என்னும் வடவெழுத்து நான்குக்கும் அவற்றின் புள்ளி வடிவங்களுக்கும் இன்னும் 16 போக, எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் சட்டக் கோடுகளுக்கும் 56 கட்டம் மீதியாகிறது. இடம் நெருக்கடிதான், ஆனால் அடங்காது என்பது பொய்.

இந்த நெருக்கடி தமிழுக்குப் புதிதும் அன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது சில விசைகளை அழுத்தினால் தாள் நகராதபடி செய்து, புள்ளியையும் கொக்கியையும் அடுத்த எழுத்தோடு சேர்த்தார். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட டாப் என்னும் குறியீட்டு முறையும், இணையத் தமிழர் தாமே கூடி வகுத்த திஸ்கி முறையும் 256 இடத்தில் பாதியை ஆங்கிலத்துக்கு விட்டு மறுபாதியில் தமிழை அடக்கின. 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணையால் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதி நடைமுறைக்கு வந்து பதின்மூன்று தனிவடிவங்கள் மறைந்ததும் அச்சின் இந்த நெருக்கடியைத் தணித்தது. யூனிகோடு எனப்படும் ஒருங்குறி வந்தபின் மறக்கப்பட்ட இந்தக் கைத்திறனெல்லாம் எட்டு பிட் கேசட்டில்தான் மீண்டும் உயிரோடு தேவைப்படுகிறது.

'அண்ணாமலை' என்னும் பெயரை எடுத்துக்கொண்டால் இதன் நுட்பம் விளங்கும். தமிழ்க் கணக்கில் அது ஐந்தெழுத்து. ணாவும் லையும் 1978க்கு முந்திய பழைய வடிவத்தில் அச்சிலும் ஐந்தே உருவம். சீர்திருத்தத்துக்குப்பின் காலும் இணைக்கொம்பும் தனியே நிற்பதால் ஏழு உருவம். ஒருங்குறியில் எட்டுக் குறியீடு. பரவலான யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட். இரண்டு கிலோபைட்டுக்குள் நிரல் முழுவதும் அடங்கவேண்டிய பெட்டியில் ஏழுக்கும் இருபத்துநான்குக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. எழுத்து, உருவம், குறியீடு, பைட் ஆகிய நான்கும் வெவ்வேறு என்பதைக் கல்லூரியில் வகுப்பெடுத்து விளக்குவதைவிட ஒரு கேசட்டைத் தமிழாக்குவது நன்றாக விளக்கும். எதிர்த்தரப்புக்கு இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும்: 1986இல் வந்த முதல் டிராகன் குவெஸ்ட் போன்ற விளையாட்டுகளில் பெயருக்கு நான்கே இடம் இருந்தது, அத்தகைய பெட்டிக்குள் அண்ணாமலையை ஏற்றச் சொல்லை மட்டும் மாற்றினால் போதாது, நிரலையும் திறந்து இடத்தை அகட்ட வேண்டும்.

பட்டியல் சொற்கள் நீண்டு பெட்டியை மீறும் என்னும் முறையீடும் இதோடு சேர்ந்தது. நீள்வது தமிழன்று, அலுவலகத் தமிழ். 'தாக்குதல்', 'தற்காத்துக்கொள்ளல்', 'தப்பித்துச் செல்லுதல்', 'உபகரணங்கள்' என்று தொழிற்பெயராகப் பெயர்த்தால் எந்தப் பெட்டியும் வெடிக்கும். ஆணையிடும் பட்டியலுக்குத் தமிழின் ஏவல் வினையே இயல்பு. அது வேர்ச்சொல்லாகவே நிற்பதால் மிகக் குறுகியது. சண்டையிடுவதைக் குறிக்கும் 'ததகாவு' ஜப்பானியத்தில் நான்கெழுத்து. தமிழில் 'மோது' இரண்டு. தப்புவதைக் குறிக்கும் 'நிகெரு' மூன்று, 'ஓடு' இரண்டு. பொருள்களைக் காட்டும் 'டோகு' மூன்று. கொண்டுசெல்லும் 'பை' ஒன்றே. மந்திரத்துக்கு 'ஓது', காப்புக்குத் 'தடு', கதவுக்குத் 'திற', குறிப்புக்குப் 'படி'. பெட்டியின் இறுக்கம் மொழிபெயர்ப்பாளனைக் கோப்புத் தமிழிலிருந்து வீட்டுத் தமிழுக்கு விரட்டுகிறது. இந்த ஒழுங்கைக் கற்றவர் நாளை வங்கிப் பொறியின் திரைக்குத் தமிழ் எழுதினால், வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு அது புரியும்.

இயந்திரமே செய்துவிடும் என்னும் நான்காவது வாதத்துக்கு விடை பெரும்பாலும் மேலே வந்துவிட்டது. நீண்ட உரைநடையில் இயந்திரம் இன்று வியக்கத்தக்க அளவு முன்னேறியிருப்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் கேசட்டில் உரைநடை இல்லை. ஒற்றைச் சொற்களும் முறிந்த தொடர்களும் ஓட்டைகளோடு கூடிய அச்சுகளும் இருக்கின்றன. ஆங்கிலத்து 'ரைட்' வலதா சரியா, 'டர்ன்' திரும்பா முறையா என்பதைத் திரையைப் பார்த்தால்தான் சொல்லமுடியும். அந்தச் சொல் கேசட்டின் எந்தப் பைட்டில் இருக்கிறது, எத்தனை கட்டம் இடம் உண்டு, அதே சொல் வேறு எங்கே மறுபடி எடுத்தாளப்படுகிறது என்பவற்றைக் கருவியைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்த்தால்தான் அறியமுடியும். இயந்திரம் முதல் வரைவைத் தரலாம். 'பெற்றான்' என்பதைக் 'கிடைத்தது' ஆக்கும் முடிவு, இருபது பொருள்களைத் திரையில் பெற்றுப் பார்த்து எரிச்சலடைந்தவருக்கே தோன்றும்.

ஐந்தாவது வாதம் சட்டம் பற்றியது. இதை எளிதாகத் தள்ளிவிட்டுப் போவது நேர்மையன்று. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு மொழிபெயர்க்கும் உரிமையை உரிமையாளருக்கே தருகிறது. கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்னும் வரையறைக்குள் வருகிறது. ரசிகர் குழுக்கள் கேசட்டின் உள்ளடக்கத்தைப் பரப்புவதில்லை. ஒட்டுக்கோப்பு என்று சொல்லத்தக்க ஒன்றை மட்டும் தருகின்றன. ஐபிஎஸ் என்னும் பழைய வடிவில் அந்தக் கோப்பு எந்த இடத்தில், எத்தனை பைட், என்ன மாற்றம் என்ற மூன்றையே வரிசையாகச் சொல்லும்; கேசட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர் தம் நகலில் அதை ஒட்டிக்கொள்ள வேண்டும். இது திருட்டு நகல் விற்பனையிலிருந்து தெளிவாக வேறுபட்டது. ஆயினும் இதனால் மட்டும் முழுச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடும் என்று சொல்லமுடியாது. சட்டம் சொல்வது அனுமதி வேண்டும் என்பதே. மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பதன்று. அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு, இலக்கியப் படைப்பொன்று முதலில் வெளியாகி ஏழாண்டு கழிந்தபின் அதன் மொழிபெயர்ப்பை வெளியிட உரிமம் கேட்டு விண்ணப்பிக்க எவருக்கும் வழி விடுகிறது. நிரலுக்கு அப்பிரிவு எந்த அளவு பொருந்தும் என்பது வழக்கறிஞர் வாதிட வேண்டியது. ஆனால் மொழிபெயர்ப்பை என்றென்றைக்கும் பூட்டிவைப்பது பொதுநலனுக்கு ஆகாது என்னும் எண்ணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது வெளிப்படை. ஆகவே இந்த வாதத்திலிருந்து பெறவேண்டிய முடிவு உரிமையாளரிடம் கேட்பது, காசு வாங்காதிருப்பது, மூலக் கேசட்டைப் பரப்பாதிருப்பது ஆகியவையே, பணியைக் கைவிடுவதன்று.

கடைசியாக, இந்த ஐந்து வாதங்களுக்கும் அடியில் வாய்விட்டுச் சொல்லப்படாத ஓர் இளக்காரம் இருக்கிறது: எவரும் கேட்காமல், கூலியின்றி, பிரியத்தால் மட்டும் செய்யப்படும் மொழிபெயர்ப்பு தரத்தில் தாழ்ந்தது என்பது. வேறு எங்கே சொன்னாலும் சொல்லலாம், திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதைச் சொல்லமுடியாது. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் அடியார் கேட்ட கேள்விகளுக்கு அவ்வூரில் வாழ்ந்த ரமண மகரிஷி எழுதிக்காட்டிய விடைகளே 'நான் யார்?' என்னும் சிறுநூலுக்கு மூலம். 1923இல் அச்சேறிய அது இன்று பல மொழிகளில் கிடைப்பதற்கு அடியார்களின் உழைப்பே முதற்காரணம், சந்தையின் அழைப்பன்று. ரமணரே மலைக்குகையில் இருந்த காலத்தில் சங்கரரின் பெயரால் வழங்கும் விவேகசூடாமணியைத் தமிழ் உரைநடையில் தந்தார். அவரை எந்தப் பதிப்பகமும் பணிக்கவில்லை. அதே ஊரின் வம்சி பதிப்பகம் வெளியிட்ட 'நிலம் பூத்து மலர்ந்த நாள்' என்னும் தமிழாக்கத்துக்காகத் திருவண்ணாமலையில் வாழும் கே.வி. ஜெயஸ்ரீ 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றார். மனோஜ் குரூரின் அந்த மலையாள நாவல் வடசொல் கலவாமல் எழுதுவது என்னும் கடும் கட்டுப்பாட்டைத் தனக்குத்தானே விதித்துக்கொண்டது. வேதாந்த நூலும் விருது பெற்ற நாவலும் விளையாட்டுக் கேசட்டும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை என்று இங்கே வாதிடப்படவில்லை. கட்டுப்பாட்டுக்குள் நின்று சொல் தேடுவதும், கேளாமலே தருவதும் மொழிபெயர்ப்பின் தரத்தைக் குறைப்பதில்லை என்பதற்கே இவை சான்று.

அந்த ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு இந்தக் கேசட் தமிழில் கிடைத்தால் என்ன செய்யமுடியும் என்பதையும் கணக்கிட்டே முடிக்கலாம். மலையை நடுவில் வைத்து, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் கட்டம் கட்டமாகச் சுற்றிப் பதித்து, எட்டுத் திசையிலும் இந்திர, அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசானிய லிங்கங்களை நிறுத்தி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெயர்ப்பலகை வைக்கலாம். ஒவ்வோர் உருவத்துக்கும் இரண்டு கட்டம் என்றால் ஒரு வரியில் 16 உருவம் கொள்ளும். எட்டுப் பெயரிலும் நீளமானது 'ஈசானிய லிங்கம்'; இடைவெளியையும் சேர்த்து அதற்கு 12 உருவமே ஆகிறது. பலகையில் இன்னும் நான்கு இடம் மீதி.